வாய்க்குள்ளே ஒரு கூடுதுறை



முதலில் ஒரு சின்ன வேலை. எச்சிலை ஒரு தடவை விழுங்குங்கள். விழுங்கியாச்சா? இப்போது நீங்கள் கோடிக்கணக்கில் வைரஸ்களை விழுங்கியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். காலையில் காபி குடித்தபோதும் இதைத்தான் செய்தீர்கள், விவரம் தெரியாத வயசிலிருந்தே செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்த வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதனைத் தொடுவதில்லை. நம் வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைத்தான் பிடிக்கும்.

"பி.காம் படிக்கிறவனுக்கு வைரஸ் எதுக்குடா, போய் காஸ்ட் அக்கவுண்டிங் போட்டுப் பழகு" என்று வகுப்புத் தோழர்கள் சொல்லப்போவது இப்போதே கேட்கிறது. சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த விஷயத்தில் பாதிதான் உயிரியல், மீதிப் பாதி சுத்தமான வணிகம். அந்த மீதிப் பாதியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று, வாய்க்குள் உயிர்கள் இருப்பதை முதன்முதலாகப் பார்த்துச் சொன்ன ஆளே ஒரு துணி வியாபாரிதான். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் ஊர்க்காரர், பெயர் லேவன்ஹூக். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. 1683இல் தன் பல்லில் படிந்திருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி, தானே தேய்த்துச் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். குட்டிக் குட்டி உயிர்கள் நெளிந்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போட்டார். ஈரோடு ஜவுளிச் சந்தையில் ஒரு கடைக்காரர் இதைச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அவர் பார்த்தது பாக்டீரியாவை. அந்த பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ் அவர் லென்ஸுக்குச் சிக்கவில்லை, சிக்கவும் முடியாது. அவ்வளவு பொடிசு.

யார் இந்த ஃபேஜ்?

இந்த வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். சுருக்கமாக ஃபேஜ். 1915இல் இங்கிலாந்தில் ட்வோர்ட் என்பவரும், 1917இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த தெரேல் என்பவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெயர் வைத்தது தெரேல். பாக்டீரியாவை உண்பது என்று அர்த்தம்.

ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கான ஃபேஜ்களை வரிசையாக அடுக்கலாம். சில வகைகளைப் படத்தில் பார்த்தால் நிலாவில் இறங்கிய விண்கலம் மாதிரி இருக்கும். மேலே ஒரு தலை, கீழே வால், வாலில் கால்கள். பாக்டீரியாவின் மேல் வந்து உட்காரும். தன் மரபுப் பொருளை ஊசி போடுகிற மாதிரி உள்ளே செலுத்தும். அதற்குப் பிறகு அந்த பாக்டீரியாவின் எந்திரங்கள் எல்லாம் இதற்காக வேலை செய்ய ஆரம்பிக்கும். சில வகைகளில் அரை மணி நேரத்துக்குள் நூறு, இருநூறு குட்டி ஃபேஜ்கள் தயார். பாக்டீரியா வெடிக்கும். குட்டிகள் அடுத்த வீட்டைத் தேடிப் போகும்.

முக்கியமான விஷயம், ஒரு ஃபேஜ் எல்லா பாக்டீரியாவையும் பிடிக்காது. ஒரு குறிப்பிட்ட இனம், பல சமயம் அந்த இனத்திலும் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவு மட்டும்தான் அதற்கு இரை. பூட்டும் சாவியும் மாதிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வியாபாரம் பேசும்போது இந்த இடத்துக்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

ஒரு மில்லி எச்சிலில் ஏறத்தாழ பத்து கோடி வைரஸ் துகள்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நமக்குச் சுமாராக ஒரு லிட்டர் எச்சில் சுரக்கிறது. ஆயிரம் மில்லி. பெருக்கிப் பார்த்தால் பத்தாயிரம் கோடி. தினமும் இத்தனையை விழுங்கிவிட்டுத்தான் பெட்டிக்கடையில் டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று சண்டை போடுகிறோம் :)

எங்கள் ஊர் பவானிக்கு வந்தவர்களுக்குக் கூடுதுறை தெரிந்திருக்கும். சங்கமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் பவானியும் காவிரியும் சேருகிற இடம். மூன்றாவதாக அமுத நதி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலக்கிறது என்பது ஐதீகம். நம் வாயும் அப்படித்தான். நாம் ஒரு ஆறு. எழுநூறு வகைக்கு மேல் அடையாளம் காணப்பட்டிருக்கும் வாய் பாக்டீரியாக்கள் இன்னொரு ஆறு. மூன்றாவது ஆறு கண்ணுக்குத் தெரியாத இந்த ஃபேஜ்கள். இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது.

உறங்கும் கூட்டாளி

கூட்டாண்மைச் சட்டம் படிக்கும்போது உறங்கும் கூட்டாளி என்று ஒருவர் வருவாரே, நினைவிருக்கிறதா? முதல் போட்டிருப்பார், கடைப்பக்கம் வர மாட்டார், லாபத்தில் பங்கு உண்டு. வாயில் இருக்கும் ஃபேஜ்களில் நிறைய பேர் இந்த வகைதான். உள்ளே நுழைந்ததும் பாக்டீரியாவை வெடிக்க வைக்காமல், தன் மரபுப் பொருளை அதன் மரபுப் பொருளோடு சேர்த்துத் தைத்துவிட்டுத் தூங்கிவிடும். பாக்டீரியா பெருகப் பெருக இதுவும் சேர்ந்து பெருகும், செலவே இல்லாமல். அந்த பாக்டீரியாவுக்குக் கெட்ட காலம் வந்தால், அதாவது கம்பெனி திவாலாகப் போகிறது என்று தெரிந்தால், கூட்டாளி விழித்துக்கொள்வார். தன் பங்கை எடுத்துக்கொண்டு கடையைக் கொளுத்திவிட்டுக் கிளம்புவார்.

தூங்குகிற காலத்தில் சும்மாவும் இருப்பதில்லை. நம் வாயில் சாதாரணமாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பரம சாது. ஆனால் அதன் ஒரு வகைக்குள் தூங்கும் எஸ்எம்1 என்ற ஃபேஜ், ரத்தத் தட்டுகளில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களை அதற்குக் கொடுக்கிறது. அந்த பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் இதய வால்வில் போய் உட்கார்ந்து தொற்றை உண்டாக்க அது வசதி. இதய வால்வில் சில வகைக் கோளாறு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் டாக்டர் மாத்திரை கொடுப்பது வாய் பாக்டீரியா இப்படி இதயத்துக்குப் போய்விடக் கூடாது என்றுதான். ஆக, ஃபேஜ் என்றாலே நல்லவன் என்று கோயில் கட்டவும் வேண்டாம், வைரஸ் என்றாலே கெட்டவன் என்று அலறவும் வேண்டாம்.

பாக்டீரியாவும் சும்மா அடி வாங்கிக்கொண்டிருக்கவில்லை. ஏற்கெனவே வந்து தாக்கிய ஃபேஜ்களின் மரபுத் துணுக்கை வெட்டித் தன் மரபுப் பொருளில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி பாக்கி வைத்தவர் பெயரை நோட்டில் குறித்து வைப்பது போல. அதே ஆள் மறுபடி வந்தால் நோட்டைப் பார்த்து அடையாளம் கண்டு வெட்டிவிடும். இதற்குத்தான் கிரிஸ்பர் என்று பெயர். இது பாக்டீரியாவின் எதிர்ப்புச் சக்தி என்பதை 2007இல் சோதனையில் நிரூபித்தவர்கள் தயிர், சீஸ் தயாரிப்புக்கான பாக்டீரியாவை விற்கும் டானிஸ்கோ என்ற கம்பெனியின் விஞ்ஞானிகள். தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவை ஃபேஜ் அழித்தால் கம்பெனிக்கு நஷ்டம், அதனால் தேடினார்கள். அந்தத் தயிர் பாக்டீரியா நம் வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டத்துக்குப் பங்காளி. பிறகு இதையே மரபணுவைத் திருத்தும் கத்தரிக்கோலாக மாற்றியதற்கு 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் எச்சிலிலும் அந்தப் பாக்கி நோட்டு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை 2011இலேயே காட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் சான் டியாகோவில் டேவிட் பிரைட் என்பவரின் குழு இந்த வாய் வைரஸ்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. அவர்கள் கண்டதில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, ஒவ்வொருவர் வாயிலும் இருக்கும் வைரஸ் கூட்டம் கிட்டத்தட்ட அவருக்கே உரியது, வாரக்கணக்கில் பார்த்தாலும் பெரும்பாலும் மாறாமல் இருக்கிறது. இரண்டு, ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இதில் பொதுவானவை கூடுதல். ஆக, ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு ரேஷன் கார்டு மட்டும் பொது இல்லை, எச்சிலில் இருக்கும் வைரஸிலும் கொஞ்சம் பொது.

99.9 சதவீதம் என்கிற பெருமை

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். டிவியைப் போட்டால் வாய் கொப்பளிக்கும் திரவ விளம்பரம். 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் சொல்வார். அப்படிச் சொல்வதை நாம் பெருமையான விஷயமாக எடுத்துக்கொள்கிறோம். என் கேள்வி, எந்தக் கிருமி? யாரைக் கேட்டுக் கொன்றீர்கள்?

லண்டனில் 2013இல் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. 19 ஆரோக்கியமான ஆட்கள், ஏழு நாள், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் வாய் கொப்பளிக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. வாய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? கீரையில், பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கின் மேல் இருக்கும் பாக்டீரியா. அதிலிருந்து உடம்பு ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. பாக்டீரியாவைக் கொன்றால் அந்தத் தயாரிப்பு குறைகிறது. 19 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதை வைத்து ஊரையே பயமுறுத்த மாட்டேன். ஈறு அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் சொல்லிக் கொப்பளிப்பது வேறு, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து வருஷம் பூரா தினமும் வாய்க்குள் குண்டு போடுவது எதற்கு? பாக்டீரியா, ஃபேஜ், எச்சில் மூன்றும் சேர்ந்து நாள்பூராவும் ஒரு கணக்கை நேர் செய்துகொண்டே இருக்கின்றன. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பேரேட்டைக் கிழித்துப் போடுகிற வேலைதான் இந்த 99.9.

இதைவிடப் பெரிய கிழிப்பு மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது.

எங்கள் அம்மாயிக்குப் போன வருஷம் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் போகலாம் என்றால், "ஏனுங் கண்ணு, அவரு புடுங்கிப் போடுவாருங், நா வரலை" என்று ஒரே பிடிவாதம். பக்கத்தில் ஒரு மருந்துக் கடை, பெயர் வேண்டாம். சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. "பல்லு வலிங்" என்றதும் கடைத்தம்பி மூன்று கலரில் ஆறு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். அதில் ஒன்று வலி மாத்திரை, மற்ற இரண்டும் ஆன்டிபயாடிக். மொத்தம் இரண்டே நாளைக்கு. வலி குறைந்தது, குறைத்தது வலி மாத்திரை. அம்மாயி ஆன்டிபயாடிக்கைப் பாராட்டினார். மூன்று வாரத்தில் வலி திரும்ப வந்தது. கடைசியில் பல் டாக்டரிடம்தான் முடிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பல்லின் உள்கூழ் வீங்கி வரும் வலிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குத்தான் சிகிச்சை வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியே வெளியிட்டது. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. இவை டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்துகள். 2014 மார்ச்சிலிருந்து சில முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை எச்1 என்ற பட்டியலில் வைத்து, வாங்கியவர் பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். தணிக்கை பாடத்தில் வவுச்சர் சரிபார்க்கச் சொல்லித் தருகிறார்களே, அதே கதைதான். பதிவேடு இருப்பது வேறு, பதிவேடு உண்மையைச் சொல்வது வேறு.

விளைவு என்ன? 2010இல் என்டிஎம்-1 என்ற மரபணு பற்றி லான்செட் குழும இதழில் ஒரு கட்டுரை வந்து உலகமே பேசியது. கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையே செல்லாக்காசாக்கும் மரபணு அது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு தமிழர். சென்னை மாதிரிகளும் அதில் இருந்தன. டெல்லி பெயரை வைத்துவிட்டார்களே என்று அப்போது ரொம்பக் கோபப்பட்டோம். பெயருக்குப் பட்ட கோபத்தில் கால்வாசியை மெடிக்கல் ஷாப் பக்கம் காட்டியிருக்கலாம். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கோழிக்கும் கால்நடைக்கும் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது 2019இல்தான். நாமக்கல் நமக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

நூறு வருஷம் முன்பே நம் ஊருக்கு வந்தது

ஆன்டிபயாடிக் எல்லோரையும் சுடும் துப்பாக்கி என்றால், ஃபேஜ் ஒரே ஒரு ஆளின் விலாசம் எழுதிய கடிதம். வேண்டிய பாக்டீரியாவை மட்டும் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். அப்படியானால் அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேடப்பட்ட நாடுகளில் ஒன்று இந்தியா. 1896இலேயே ஆக்ராவில் இருந்த ஹேங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை தண்ணீரில் காலரா கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது, கொதிக்க வைத்தால் அது போய்விடுகிறது என்று எழுதினார். அது ஃபேஜாக இருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம். 1927இல் தெரேலே இந்தியா வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார். 1930களின் முற்பாதியில் அசாமில் நவ்காவ் பகுதி ஊர்களில் ஃபேஜைப் பாட்டிலில் கொடுத்து, ஹபிகஞ்ச் பகுதியை ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்த்தார்கள். நவ்காவில் காலரா குறைந்ததாக அறிக்கை வந்தது. இன்றைய அளவுகோலில் அந்தச் சோதனைகள் கறாரானவை இல்லை. ஆனாலும் தொடர்ந்திருக்கலாம். தொடரவில்லை. பென்சிலின் வந்தது, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று அங்கே போய்ச் சிகிச்சை எடுப்பவர்களில் இந்தியர்களும் உண்டு. நாம் விட்ட கடையை அவர்கள் நடத்துகிறார்கள், நாம் டிக்கெட் போட்டுப் போய் வாங்குகிறோம்.

2016இல் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத தொற்றில் கோமாவில் கிடந்தார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி உலகமெல்லாம் கடிதம் எழுதி ஃபேஜ் தேடினார். கிடைத்தது, ஏற்றினார்கள், பிழைத்தார். பல் மருத்துவத்திலும் முயற்சி நடக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல்லில் திரும்பத் திரும்பத் தொல்லை கொடுக்கும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் பாக்டீரியாவைப் பிடிக்கும் ஒரு ஃபேஜை ஜெருசலேம் விஞ்ஞானிகள் 2015இல் அறிவித்தார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? சாக்கடைத் தண்ணீரில். ஆனால் சொத்தைப் பல்லுக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைப் பிடிக்கும் ஃபேஜ்கள் அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கின்றன. அதனால் ஃபேஜ் பற்பசை வரும் என்று மைசூர்பாகை இரட்டிப்பாக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் தீக்காய நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்த ஒரு முறையான சோதனையின் முடிவு 2019இல் வந்தது. வழக்கமான வெள்ளி மருந்துக் களிம்பைவிட ஃபேஜ் மெதுவாகத்தான் வேலை செய்தது. பாட்டிலில் இருந்த ஃபேஜின் வீரியமே குறைந்துபோயிருந்தது தெரியவந்தது. ஆக, இது மந்திரம் இல்லை. நன்றாகத் தயாரித்து, சரியான ஆளுக்குக் கொடுத்து, பொறுமையாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய சரக்கு.

இங்கே ஒரு வேண்டுகோள். 2025 மகா கும்பமேளா சமயத்தில், குளிக்கத் தகுந்த அளவைத் தாண்டி மலக் கிருமிகள் இருக்கின்றன என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது. உடனே, கங்கையில் ஃபேஜ் இருக்கிறது, அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று பதில்கள் பறந்தன. தயவுசெய்து இந்த வாதத்தைக் காவிரிக்கும் கொண்டு வராதீர்கள். இரை இருக்கும் இடத்தில்தான் ஃபேஜ் பெருகும். ஒரு வகைக் கிருமிக்கான ஃபேஜ் ஆற்றில் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றால், அந்தக் கிருமியும் அங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சாயக் கழிவை எந்த ஃபேஜும் தின்னாது. ஆடி அமாவாசைக்கும் பதினெட்டுக்கும் கூடுதுறையில் முங்குகிற ஜனங்களுக்கு ஐதீகமும் வேண்டும், சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்குப் பதில் ஆகாது.

இனி நம்ம சப்ஜெக்ட்

ஃபேஜ் இவ்வளவு சாமர்த்தியம் என்றால் பெரிய மருந்துக் கம்பெனிகள் ஏன் பாயவில்லை? பூட்டும் சாவியும் என்று சொன்னேனே, அங்கே வாருங்கள். ஒரு சாவி ஒரு பூட்டைத்தான் திறக்கும் என்றால், ஒரே சாவியைக் கோடிக்கணக்கில் அச்சடித்து விற்க முடியாது. ஒவ்வொரு நோயாளியின் பாக்டீரியாவையும் எடுத்து எந்த ஃபேஜ் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பாக்டீரியா பாக்கி நோட்டு போட்டு எதிர்த்தால் ஃபேஜையும் மாற்ற வேண்டும். இயற்கையில் கிடைப்பதால் காப்புரிமை வாங்குவதும் கஷ்டம். நிலையான செலவு அதிகம், விற்பனை அளவு குறைவு. சமநிலைப் புள்ளி எங்கே என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

ஆன்டிபயாடிக்குக்கே இந்த நிலைதான். அகாவோஜென் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி. பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாடிக்கை வருஷக்கணக்கில் உழைத்து உருவாக்கி 2018இல் அனுமதியும் வாங்கியது. 2019 ஏப்ரலில் திவால் மனு! ஏன்? புது ஆன்டிபயாடிக்கைக் கடைசி ஆயுதமாகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், நிறைய விற்கக் கூடாது. நிறைய விற்காவிட்டால் கம்பெனி படுத்துவிடும். அந்த மருந்தின் உரிமையைப் பின்னர் நம் ஊர் சிப்லாவின் அமெரிக்கக் கிளை வாங்கியது. நல்ல பொருளைத் தயாரித்தவன் திவாலாகிறான், பல் வலிக்கு ஆறு மாத்திரை கத்தரித்துக் கொடுக்கும் வியாபாரம் ஓஹோ என்று ஓடுகிறது. சந்தை எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று முதல் வருஷம் சொல்லிக் கொடுத்தார்களே, இந்த இடத்தில் சரிசெய்யவில்லை.

சரி, வழி என்ன? பெல்ஜியத்தில் 2018 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தகுந்த தரச் சோதனையோடு, டாக்டர் எழுதிக் கொடுத்தால், மருந்தாளுநர் அந்த ஒரு நோயாளிக்காக ஃபேஜ் மருந்தைக் கலக்கிக் கொடுக்கலாம். ஆயத்த ஆடைக் கடைக்கும் தையல்காரருக்கும் உள்ள வித்தியாசம். ஃபேஜுக்குத் தையல்காரர்தான் சரிப்படும்.

நான் சொல்வது இன்னும் ஒரு படி மேலே. கொங்கு நாட்டுக்காரனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அமைப்பு இருக்கிறது, பால் சொசைட்டி. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மாடு, தனித்தனியாக விற்றால் கட்டுப்படியாகாது. எல்லோரும் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், அங்கேயே கொழுப்பு அளவு சோதிக்கிறார்கள், சேர்ந்து விற்கிறார்கள். ஃபேஜுக்கும் இதையே செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தங்கள் நோயாளிகளிடம் கிடைக்கும் அடங்காத பாக்டீரியாவைச் சேமித்து அனுப்பட்டும். ஊர் ஊராகச் சாக்கடையிலும் ஆற்றிலும் எச்சிலிலும் ஃபேஜ் தேடிச் சேர்க்கட்டும். தரம் பார்த்து ஒரு பொது வங்கியில் வைக்கட்டும். யாருக்கும் தனி உரிமை வேண்டாம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அது எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தம் இல்லையே, அந்த மாதிரி.

ஆள் இல்லாமலும் இல்லை. வேலூர் விஐடியில் ஃபேஜ் ஆய்வகம் இருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கோபால் நாத் குழு பல வருஷமாக இதில் உழைக்கிறது. பெங்களூரில் 2000இல் கங்காஜென் என்று ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். தனித்தனி மாடாக நிற்கிறார்கள், சொசைட்டிதான் இல்லை. இதற்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். எந்த மருந்தும் கேட்காத ஒரு நோயாளி ஐசியுவில் ஒரு வாரம் கிடந்தால் ஒரு குடும்பம் எவ்வளவு கடன்படுகிறது என்று விசாரித்துவிட்டு அப்புறம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அந்தச் செலவு எந்தக் கம்பெனியின் லாப நட்டக் கணக்கிலும் வராது. நிலத்தை விற்ற குடும்பத்தின் கணக்கில் மட்டும்தான் வரும்.

அதுவரை நாம் செய்ய முடிந்தது சுலபம். ஃப்ளோரைடு பற்பசையால் இரண்டு வேளை துலக்குங்கள். இனிப்பு தின்னும் நேரங்களைக் குறையுங்கள், சொத்தைக்கு உண்மையான முதலீட்டாளர் சர்க்கரைதான். டாக்டர் சொல்லாமல் கிருமிநாசினியால் கொப்பளிக்காதீர்கள். பல் வலித்தால் பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ போங்கள், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

பொது ஃபேஜ் வங்கி என்பது ஆகாத கனவு, அரசாங்கம் கையில் எடுத்தால் உருப்படாது, தனியாரிடம்தான் விட வேண்டும் என்று நினைப்பவர்கள் கண்டிப்பாக எழுதுங்கள். முக்கியமாக வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து தடையில்லாச் சந்தை பேசுகிற நண்பர்கள். அகாவோஜென் கணக்குக்கு உங்கள் பதில் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.